இங்கிலாந்து எஸ்டேட்டுகளின் குதிரை லாயங்களும் தொழிலாளர் குடில்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. மாளிகைக்குப் பின்னால் நின்ற லாயத்தையும், பூங்கா மதிலுக்கு வெளியே இருந்த தொழிலாளர் குடில்களையும் பற்றி அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. ஓர் எஸ்டேட் எப்படி நடந்தது, யாருக்காகக் கையைத் தாராளமாக வைத்தது, யாரிடம் கணக்குப் பார்த்தது என்பதெல்லாம் இந்த இரண்டிலும்தான் தெளிவாகத் தெரியும்.

எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம் போன்றதா?

இல்லை. இது ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் சொத்து. நடுவில் மாளிகை, சுற்றிலும் பூங்காவும் காடும், குடும்பமே நேரடியாகப் பயிரிடும் ஒரு பண்ணை, குத்தகைக்கு விட்ட பல பண்ணைகள், ஒன்றிரண்டு கிராமங்கள். நம் ஊர் ஜமீன் போல அரசுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் உரிமை அல்ல, நிலமே குடும்பத்துடையது. குத்தகைதாரர் வாடகை கொடுப்பார், கூலிக்கு ஆள் வைத்துப் பயிர் செய்வார். அந்தக் கூலியாள் குடியிருந்த வீடும் பெரும்பாலும் நிலச்சுவான்தாருடையதே.

லாயத்திலும் இரண்டு வகை உண்டு. ஏர் பூட்டவும் பாரவண்டி இழுக்கவும் இருந்த கனத்த குதிரைகள் பண்ணைக் கொட்டிலில் நின்றன. சவாரி, வேட்டை, சாரட்டு ஆகியவற்றுக்கான குதிரைகள் மாளிகை லாயத்தில் நின்றன. கீழே பேசுவது மாளிகை லாயத்தைப் பற்றி.

அவ்வளவு பெரிய லாயங்கள் எதற்கு?

டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் லாயம் 80 குதிரைகளுக்கானது. நான்காம் டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெய்ன் வரைந்த கட்டடம்; 1758-ல் வேலை தொடங்கியது. யார்க்‌ஷயரின் வென்ட்வொர்த் உட்ஹவுஸில் ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக ஜான் கார் கட்டியது 84 குதிரைகளுக்கு.

பகட்டு ஒரு காரணம்தான், ஆனால் கணக்கும் உண்டு. நான்கு குதிரை பூட்டும் சாரட்டுக்கு நிறமும் உயரமும் ஒத்த குதிரைகளும், நொண்டியானால் மாற்றிக் கட்ட ஒன்றிரண்டும் வேண்டும். நரி வேட்டைக்குப் போகிறவர் நடுப்பகலில் குதிரை மாற்றுவார். கடுமையாக ஓடிய குதிரை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வாரம் நான்கு நாள் வேட்டையாடும் ஒரே ஒருவருக்கு நான்கு குதிரை குறைந்தபட்சம், ஆறு இருந்தால் நிம்மதி. அதன்மேல் மனைவி மக்களின் சவாரிக் குதிரைகள், கடிதம் கொண்டுபோகும் குதிரை, விருந்தினர் வந்தால் அவர்களுடைய குதிரைகளும் குதிரைக்காரர்களும். 1747-ல் சாரட்டுகளுக்கும் 1784-ல் சவாரிக் குதிரைகளுக்கும் வரி வந்தது. பெரிய வீடுகள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

வழக்கம் இதைவிடப் பழையது. கெனில்வொர்த் கோட்டையில் ஜான் டட்லி 1553-ல் கட்டிய லாயம், கீழே கல்லும் மேலே மரச்சட்டமுமாக இன்றும் நிற்கிறது. செஷயரின் பீவர் ஹாலில் 1654-ஐச் சேர்ந்த லாயத்தில் குதிரை நிற்கும் இடங்களைப் பிரிக்க செதுக்கிய மரத்தூண்கள், மேலே பூவேலைச் சாந்துக் கூரை. மனிதர்கள் உண்ணும் கூடத்துக்குச் செய்யும் வேலை அது.

லாயம் மாளிகையின் எந்தப் பக்கம் இருக்கும்?

17-ஆம் நூற்றாண்டில் முன்வாசலின் ஒரு பக்கமாகவே இருந்தது. வருகிறவர் கண்ணில் படட்டும் என்று. 18-ஆம் நூற்றாண்டில் மாளிகையைச் சுற்றிப் புல்வெளி மட்டும் தெரிய வேண்டும் என்ற மோகம் வந்தபோது லாயம் தள்ளிப் போய், நடுவே முற்றம் கொண்ட தனி நாற்சதுரக் கட்டடமானது. இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே வடக்கிலோ கிழக்கிலோ வைத்தால் நாற்றமும் ஈயும் வீட்டுக்கு வராது. கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வண்டி வாசலில் நிற்கும் தூரத்தையும் தாண்டக் கூடாது.

உள்ளே என்னென்ன இருக்கும்?

குதிரை நிற்க இரண்டு வகை இடம். ஒன்று ஸ்டால்: மூன்று பக்கம் அடைத்து, பின்பக்கம் திறந்தது. அகலம் ஏறத்தாழ 6 அடி, நீளம் 9 முதல் 10 அடி. குதிரை சுவரைப் பார்த்து நிற்கும், படுக்கலாம், திரும்ப முடியாது. அடைப்புப் பலகை தலைப்பக்கம் உயர்ந்து வால்பக்கம் சரிந்து வரும். முகத்தருகே உயரம் இல்லாவிட்டால் பக்கத்துக் குதிரையோடு கடித்துச் சண்டை போடும். இன்னொன்று லூஸ் பாக்ஸ்: 12 அடிக்கு 12 அடி அளவில் கதவுள்ள தனியறை, கட்டாமல் விடலாம். வேட்டைக் குதிரை, நோயுற்றது, குட்டி போட இருப்பது இவற்றுக்கு இது. வேட்டைக் குதிரை நாளெல்லாம் ஓடி வந்து விறைத்த காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதால் 19-ஆம் நூற்றாண்டில் லூஸ் பாக்ஸ் பெருகியது. சாரட்டுக் குதிரைகள் கடைசிவரை ஸ்டாலிலேயே நின்றன.

ஸ்டாலில் கட்டும் முறையைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. கயிற்றைத் தீனித்தொட்டியின் வளையத்தில் முடிச்சுப் போட்டுவிடுவதில்லை. வளையத்துக்குள் விட்டு, நுனியில் ஒரு மரக்குண்டைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். குதிரை முன்னே வந்தால் குண்டு கீழே இறங்கிக் கயிற்றை இழுத்துப் பிடிக்கும். கயிறு தொய்ந்து கால் சிக்காது. குண்டு தொலைந்து வெறுமனே கட்டிய இடங்களில்தான் இரவில் கால் மாட்டிக் குதிரை விழும். பழைய லாயங்களில் இந்தக் குண்டுகள் மூலையில் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வண்டிக்கொட்டகைக்கு இரட்டைக் கதவு, குறைந்தது 8 அடி அகலம். அது வடக்குப் பார்த்திருப்பது நல்லது, வெயில் பட்டால் வண்டியின் வார்னிஷ் வெடிக்கும். லாயத்திலிருந்து நேரே அதற்குள் கதவு வைக்கவே கூடாது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வார்னிஷையும் உலோகப் பூச்சையும் மங்கச் செய்துவிடும். சேணம், கடிவாளம் வைக்கும் அறையில் எப்போதும் ஒரு சிறு அடுப்பு எரியும். ஈரம் இருந்தால் தோல் பூஞ்சணம் பிடிக்கும், சூடு மிஞ்சினால் வெடிக்கும். முற்றத்தில் தண்ணீர்ப் பம்பு, வண்டி கழுவும் தளம், ஏறுகல், மேலே புல் பரண்.

புல் கணக்கு சொன்னால் பரணின் அளவு புரியும். ஒரு குதிரைக்கு நாளைக்கு 12 ராத்தல் உலர்புல் என்று வைத்தால் 10 குதிரைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 டன். ஓட்ஸ், படுக்கை வைக்கோல் தனி. தண்ணீர் தலைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 காலன்.

பழைய லாயங்களில் அடிக்கடி என்ன கோளாறு வந்தது?

முதலும் முடிவும் காற்றோட்டம்தான். குதிரையின் மயிர் பளபளப்பாக இருக்க லாயம் சூடாக இருக்க வேண்டும் என்று நம்பி, சன்னல்களின் இடுக்குகளைக்கூட அடைத்து வைத்த காலம் ஒன்று இருந்தது. விளைவு இருமல், கண்நோய், நுரையீரல் கேடு. ஒரு குதிரைக்குத் தொற்று வந்தால் வரிசையே விழும். 1791-ல் லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்தபின், ராணுவ லாயங்களில் காற்றுக்கு வழி விட்டதும் சாவு குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. பெரிய வீடுகள் அதைப் பார்த்து மெதுவாக மாறின. கூரை முகட்டில் சட்டம் வைத்த சிறு கூண்டு இருந்தால் அது அழகுக்கு அல்ல, சூடான காற்று வெளியேறும் வாய்.

பரணிலிருந்து புல்லைக் கீழே தள்ளும் துளை இன்னொரு தொல்லை. அது குதிரையின் தலைக்கு நேர்மேலே இருந்தால் தூசியும் விதையும் கண்ணில் விழும். கீழிருந்து போகும் நாற்றக் காற்று பரணில் உள்ள புல்லையும் கெடுக்கும். ஆகவே விக்டோரியா காலத்தில் குதிரைக்குப் புல் வைக்கும் தட்டியை உயரத்திலிருந்து இறக்கித் தீனித்தொட்டியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தரையின் சரிவும் பிரச்சினைதான். மூத்திரம் ஓட வேண்டுமென்று பின்பக்கம் அதிகம் சரித்துவிட்டால், குதிரை எப்போதும் முன்கால் உயர்ந்து நிற்கும். கால் தசைநாண்கள் இழுபடும். பின்னாளில் ஸ்டாஃபர்ட்ஷயர் நீலச் செங்கல் வந்தது. நன்கு சுட்டதால் ஈரம் குடிக்காது. மேலே பள்ளக்கோடு வெட்டியதால் குளம்பு வழுக்காது, மிகக் குறைந்த சரிவிலேயே நீர் ஓடிவிடும்.

லாயத்து மணிக்கூண்டு யாருக்காக?

வெளிவேலைக்காரர்கள் அனைவருக்காகவும். குதிரைக்காரர், தோட்டக்காரர், தச்சர் பலரிடம் சொந்தக் கடிகாரம் கிடையாது. லாயம் மாளிகைக்கும் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் இடையில் இருந்ததால் மணி அங்கே ஏறியது.

லாயத்தில் எத்தனை பேர் வேலை செய்தார்கள்? எங்கே தூங்கினார்கள்?

மேலே சாரட்டு ஓட்டும் தலைமை வண்டிக்காரர், அவருக்குக் கீழே உதவி வண்டிக்காரர், குதிரைக்காரர்கள், வண்டிக் குதிரையின் முதுகிலேயே ஏறி ஓட்டும் பையன், கடைசியில் 12, 13 வயதில் சேரும் லாயப் பையன்கள். ஒரு குதிரைக்காரர் இரண்டு மூன்று குதிரைகளைக் கவனிப்பார். காலை ஐந்தரை ஆறுக்கு முதல் தண்ணீர், பிறகு தீனி, லத்தி அள்ளுதல், தேய்ப்பு. வேட்டை நாளில் குதிரை இருட்டிய பின்தான் சேறும் வியர்வையுமாகத் திரும்பும். அது உலர்ந்து சூடாகி உண்ணும் வரை பையனுக்குத் தூக்கம் இல்லை.

மணமாகாதவர்கள் லாயத்தின் மேல்தளத்தில் தூங்கினார்கள். கீழிருந்து வரும் குதிரைச் சூடு குளிர்காலத்தில் இதம், அம்மோனியா அப்படியல்ல. தலைமை வண்டிக்காரருக்கு மணமானால் முற்றத்தை ஒட்டியோ வாயிலருகிலோ ஒரு குடில் கிடைக்கும். 1777 முதல் வீட்டு ஆண் வேலைக்காரர்களுக்கு எசமானர் வரி கட்ட வேண்டியிருந்ததால், அந்தப் பட்டியல்களில் இவர்களுடைய எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது.

லத்தியை என்ன செய்தார்கள்?

காய்கறித் தோட்டத்துக்குத்தான். பெரிய எஸ்டேட்டுகளில் மதில் சூழ்ந்த தோட்டம் லாயத்தை ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம். 18-ஆம் நூற்றாண்டில் அன்னாசியும் முலாம்பழமும் இங்கிலாந்துக் குளிரில் விளைந்தது லத்திச் சூட்டில்.

புதிய லத்தியையும் மூத்திரம் ஊறிய வைக்கோலையும் குவித்து, இரண்டு வாரத்துக்குள் மூன்று நான்கு முறை புரட்டிப் போடுவார்கள். முதல் கொதிப்பும் அம்மோனியாவும் அடங்கியபின் 3 முதல் 4 அடி உயரத்துக்கு மிதித்துப் பாத்தி கட்டி, மேலே கண்ணாடிச் சட்டம் வைத்து, அரை அடி மண் போட்டு விதைப்பார்கள். பொறுமையில்லாமல் புதிதாகவே போட்டால் வேர் வெந்துவிடும், ஆவியில் இலை கருகும். ரொம்ப நாள் கிடந்து ஆறியதைப் போட்டால் சூடே ஏறாது. கார் வந்து குதிரை போனபோது மாளிகைத் தோட்டக்காரருக்கு விழுந்த அடி பெரியது. அதுவரை இலவசமாக வந்த சூடும் உரமும் ஒருசேர நின்றுபோயின.

குடில்களின் நிலை எப்படி இருந்தது?

பெரும்பாலும் மோசம். 18-ஆம் நூற்றாண்டு இறுதியில் சாதாரணக் குடிலென்றால் கீழே ஓர் அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஓர் அறை. மண் தரை, கழிப்பிடம் தோட்டத்தின் கோடியில், பல இடங்களில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே. 12 அடிக்கு 12 அடி அறை இரண்டு என்றால் 288 சதுர அடி. அதில் எட்டுப் பேர் இருந்தால் தலைக்கு 36 சதுர அடி. மாளிகை வேட்டைக் குதிரையின் தனியறை 144 சதுர அடி. குதிரைக்குத் தரமான தரை, வடிகால், காற்றோட்டம், நாள்தோறும் மாற்றும் படுக்கை எல்லாம் இருந்தன. குதிரை செத்தால் எசமானருக்கு உடனே பண நட்டம். கூலியாள் செத்தால் அடுத்தவர் வருவார். அந்தக் கணக்கைக் கட்டடங்கள் அப்படியே காட்டுகின்றன.

இருக்கிற குடில்களையும் இடித்த எஸ்டேட்டுகள் உண்டு. 1662 சட்டப்படி ஏழைக்கு உதவும் செலவு அவர் குடியுரிமை பெற்ற பாரிஷின் தலையில் விழும். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி. ஊர் முழுவதும் ஒரே நிலச்சுவான்தாருடையது என்றால், குடில் குறைந்தால் ஏழை குறைவார், நிலச்சுவான்தார் கட்டும் வரியும் குறையும். கூலியாட்கள் நெருக்கடி மிகுந்த பக்கத்து ஊரில் அதிக வாடகைக்குக் குடியிருந்து, தினமும் பல மைல் நடந்து வேலைக்கு வந்தார்கள். 1865-ல் இந்தச் செலவைப் பல பாரிஷ்களுக்குப் பொதுவாக்கிச் சட்டம் வந்தபின்தான் இடிப்பதில் லாபம் இல்லாமல் போனது.

மில்டன் அபாஸ், ஈடன்சர் போன்ற அழகான ஊர்கள் கருணையால் கட்டப்பட்டவையா?

ஒவ்வொன்றும் ஒரு விதம். டார்செட்டில் மில்டன் பிரபுவான ஜோசப் டேமர், தம் மாளிகையை ஒட்டியிருந்த மிடில்டன் என்ற சிறு நகரத்தையே வீடு வீடாக வாங்கி இடித்தார். பார்வைக்கு இடைஞ்சல் என்பதுதான் காரணம். மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பள்ளத்தாக்கில் 1780 வாக்கில் மில்டன் அபாஸ் எழுந்தது. நிலத்தை அமைப்பதில் அக்காலத்துப் பூங்கா வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுனின் பங்கு உண்டு. ஏறக்குறைய ஒரே அச்சில் 36 கூரை வீடுகள், ஒவ்வொன்றும் இரண்டு குடும்பத்துக்கு, நடுவே ஒரே வாசல். படத்தில் பார்க்கத் தனி வீடுபோல் அழகு, உள்ளே நெருக்கடி.

சாட்ஸ்வொர்த்தை ஒட்டிய ஈடன்சர் 1838-க்கும் 1842-க்கும் இடையில் ஆறாம் டியூக்குக்காக மாற்றி அமைக்கப்பட்டது. வேலையை நடத்தியவர் டியூக்கின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னாளில் லண்டனில் படிக மாளிகை கட்டியவர். ஒரு வீடு சுவிஸ் மலைவீடு போல, அடுத்தது இத்தாலியப் பாணி, இன்னொன்று கோட்டை போல. பழைய ஊரின் ஒரு வீடு மட்டும் சாலைக்கு மறுபுறம் இன்றும் தனியே நிற்கிறது. கட்டுமானத் தரத்தில் ஈடன்சர் மில்டன் அபாஸைவிடப் பல படி மேல்.

பிரிஸ்டல் அருகே பிளேஸ் ஹாம்லெட் வேறு மாதிரி. ஜான் ஸ்காண்ட்ரெட் ஹார்ஃபர்ட் ஓய்வுபெற்ற பணியாளர்களுக்காகக் கட்டடக் கலைஞர் ஜான் நாஷைக் கொண்டு 1811 வாக்கில் கட்டிய 9 குடில்கள். நடுவே புல்தரை, பம்பு. ஒன்று போல் இன்னொன்று இல்லை. வயதானவர்கள் உட்கார மூடிய திண்ணை, துணி வெளுக்கக் கொப்பரை எல்லாம் யோசித்து வைத்தவை. மூன்றில் குடியிருப்பவரை மனத்தில் வைத்து வரைந்தது இதுதான் என்பது எங்கள் கருத்து.

நல்ல தொழிலாளர் குடில் எப்போது வந்தது? செலவு என்ன?

19-ஆம் நூற்றாண்டின் நடுவில். ஏழாம் பெட்ஃபர்ட் டியூக் தம் எஸ்டேட்டுகளில் நூற்றுக்கணக்கில் கட்டினார். இங்கிலாந்து வேளாண் சங்கத்தின் இதழில் வரைபடங்களையும் வெளியிட வைத்தார். வோபர்ன், டாவிஸ்டாக் பக்கம் போனால் கிரீடத்தோடு 'பி' எழுத்தும் ஆண்டும் பொறித்த கல் பல சுவர்களில் தெரியும். 1851-ல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்காக விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் கட்டுவித்த மாதிரி வீடு, ஹென்றி ராபர்ட்ஸ் வரைந்தது, பிரித்தெடுத்துக் கொண்டுபோய் மீண்டும் கட்டப்பட்டு லண்டனின் கென்னிங்டன் பூங்காவில் நிற்கிறது.

புதிய மாதிரியின் அடையாளங்கள்: அடுப்புள்ள கூடம், கொப்பரை பதித்த பின்கட்டு, வடக்குப் பக்கம் சாமான் அறை, மேலே மூன்று படுக்கையறை. பெற்றோருக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. தோட்டக் கோடியில் கழிப்பிடமும் பன்றிக் கொட்டிலும். உருளைக்கிழங்குக்கும் காய்க்கும் கால் ஏக்கர் வரை நிலம்.

இரண்டு வீட்டை ஒட்டிக் கட்டினால் ஒரு சுவரும் ஒரு புகைபோக்கியும் மிச்சம். அதனால்தான் எஸ்டேட் குடில்கள் ஜோடியாக நிற்கின்றன. ஒரு வீட்டுக்கு 120 பவுன் (இங்கிலாந்துப் பணம், 20 ஷில்லிங் ஒரு பவுன்) செலவு என்று கொள்வோம். வாரத்துக்கு ஒன்றரை ஷில்லிங் வாடகை ஆண்டுக்கு 78 ஷில்லிங், அதாவது 4 பவுனுக்குச் சற்றுக் குறைவு. பராமரிப்புக்கு முன்பே வருமானம் 3 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். 1850-51-ல் வேளாண்மை பற்றி எழுதிய ஜேம்ஸ் கேர்ட் கணக்கிட்டபடி கூலியாளின் சராசரி வாரக் கூலி இங்கிலாந்தின் வடக்கில் 11 ஷில்லிங் 6 பென்ஸ், தெற்கில் 8 ஷில்லிங் 5 பென்ஸ். அதற்குமேல் வாடகை கேட்கவும் முடியாது. ஆக, நல்ல குடில் கட்டியவர் லாபத்துக்காகக் கட்டவில்லை; நல்ல ஆள் ஊரை விட்டுப் போகாமல் இருக்கக் கட்டினார்.

வேலை போனால் வீடும் போகுமா?

போகும். வீடு வேலையோடு கட்டப்பட்டது. கூலி உயர்வு கேட்டால், சங்கத்தில் சேர்ந்தால், எசமானருக்குப் பிடிக்காத தேவாலயத்துக்குப் போனால்கூட வெளியேற்றும் அபாயம் இருந்தது. 1872 பிப்ரவரியில் வார்விக்‌ஷயரின் வெல்ஸ்போர்ன் என்ற ஊரில் கூலியாட்களைத் திரட்டி, அதே ஆண்டில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த ஜோசப் ஆர்ச், பார்ஃபர்டில் இருந்த தம் குடிலுக்குத் தாமே சொந்தக்காரர். யாராலும் அவரைத் தெருவில் நிறுத்த முடியவில்லை. தலைவராக அவர் நிமிர்ந்து நிற்க அது பெரிய பலம். 1885-ல் நாடாளுமன்றத்துக்கும் போனார். விவசாயத் தொழிலாளருக்குக் குடியிருப்புப் பாதுகாப்பு தந்த சட்டம் வர 1976 ஆகிவிட்டது.

சென்னைப் பணம் இந்த எஸ்டேட்டுகளுக்குப் போனதா?

போனது. சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகட் ஸ்டாஃபர்ட்ஷயரில் பாட்ஷல் எஸ்டேட்டை 1765-ல் வாங்கினார். 1763 முதல் 1767 வரை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் ஊர் திரும்பி டெவனில் ஹால்டன் எஸ்டேட்டை வாங்கினார். பாக் நீரிணைக்குப் பெயர் தந்தவர் இவர்தான். தம் நண்பர், சென்னைப் படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவாக 1788-ல் அங்கே குன்றின்மேல் எழுப்பிய முக்கோணக் கோபுரம் இன்றும் நிற்கிறது. மாளிகையின் நடுப்பகுதி 1920-களில் இடிக்கப்பட்டது. ஒரு பக்கத் துணைக்கட்டடம் விடுதியாக மிஞ்சியது.

லாயங்கள் எப்போது காலியாயின?

1900-க்குப் பின் இருபது ஆண்டுகளில். முதலில் வண்டிக்கொட்டகையில் கார் நுழைந்தது. எட்டடிக் கதவு போதும் என்பதால் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. அடியிலிருந்து பழுது பார்க்க ஒரு குழி, குளிரில் ரேடியேட்டர் நீர் உறையாதிருக்க வெந்நீர்க் குழாய், பெட்ரோலுக்கு எட்டத்தில் ஒரு சிறு அறை. சாரட்டு ஓட்டியவரையே பல வீடுகள் கார் ஓட்டப் பழக்கின. 1914 ஆகஸ்டில் போர் வந்ததும் ராணுவம் இரண்டு வாரத்துக்குள் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளை எடுத்துக்கொண்டது.

1894-ல் வந்த சொத்து மரண வரி முதலில் அதிகபட்சம் 8 சதவீதம். 1919-ல் 40 ஆனது. அடுத்தடுத்து வாரிசுகள் போரில் இறந்த குடும்பங்கள் நிலத்தை விற்றன. மாளிகையை இடித்தாலும் லாயத்தை விட்டுவைத்தார்கள்; அது ஏதாவது வேலைக்குப் பயன்பட்டது. நாட்டிங்ஹாம்ஷயரின் கிளம்பரில் மாளிகை 1938-ல் இடிக்கப்பட்டது, லாயம் மணிக்கூண்டோடு நிற்கிறது.

ஒரு கட்டடத்தின் வயதை எப்படிக் கணிப்பது?

ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். 1784 முதல் 1850 வரை செங்கலுக்கு எண்ணிக்கைப்படி வரி இருந்ததால் பலர் பருமனாக அறுத்தார்கள். லெஸ்டர்ஷயரின் மீஷமில் ஜோசப் வில்க்ஸ் இருமடங்கு அளவுள்ள செங்கலே செய்தார். 1803-ல் 150 கன அங்குலத்துக்கு மேற்பட்டதற்கு இரட்டை வரி போட்டதும் அது நின்றது. பெரிய செங்கல் கண்ணில் பட்டால் 1784-1803 இடைவெளியை முதலில் சோதியுங்கள். அடைத்த சன்னலைப் பார்த்ததும் சன்னல் வரி (1696-1851) என்று சொல்லிவிட வேண்டாம். லாய முகப்புகளில் சமச்சீருக்காகவே பொய்ச் சன்னல் கட்டினார்கள். சுவரில் பொறித்த ஆண்டும் ஏமாற்றும், பழைய கல்லை எடுத்துப் புதுச் சுவரில் பதிப்பது வழக்கம்.

ஆவணங்களை இந்த வரிசையில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடம், ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்தது: கட்டடம் எந்தப் பதிப்பில் முதலில் தெரிகிறது என்று பாருங்கள். அதற்கு முந்தியதென்றால் 1836 சட்டத்துக்குப் பின் வரைந்த தசமபாக வரைபடங்கள் (தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குச் செலுத்தியது). உடைமையாளர், குடியிருப்பவர் இருவர் பெயரும் இருக்கும். பிறகு 1841 முதல் 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு. 1931-ஆம் ஆண்டுத் தாள்கள் தீயில் எரிந்துபோயின, தேட வேண்டாம். 1891, 1901 தாள்களில் ஐந்துக்குக் குறைவான அறை இருந்தால் எண்ணிக்கை எழுதியிருக்கும். குடில் ஆய்வுக்கு இது நேரடியான சான்று. 1910-ல் தொடங்கிய நில மதிப்பீட்டின் களப்புத்தகங்கள் லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு குடிலின் அறை, பின்கட்டு, கொட்டில் வரை குறித்திருக்கிறார்கள். எஸ்டேட்டின் கணக்குப் புத்தகங்களை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

லாயத்தை வீடாக மாற்றினால் சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரம் போகவே மாட்டேன் என்கிறதே, ஏன்?

அது பெரும்பாலும் உப்பு. நூறு, இருநூறு ஆண்டு மூத்திரம் ஊறிய செங்கலில் நைட்ரேட் உப்பு சேர்ந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சும். மழை நாளில் கறை பெரிதாகும், வறண்ட நாளில் சுருங்கும். தரைநீர் ஏறுகிறது என்று நினைத்துச் சுவரில் ரசாயனம் செலுத்துவார்கள், சிமெண்ட் பூசுவார்கள். உப்பு போகாது, சிமெண்டுக்கு மேலே ஏறி அங்கே வெடிக்கும்.

செய்ய வேண்டியது: முதலில் வெளிநில மட்டம் உள்தளத்துக்குக் கீழே இருக்கிறதா, கூரைத்தண்ணீர் ஓடிவிடுகிறதா என்று சரிசெய்யுங்கள். பழைய பூச்சை உதிர்த்துச் சுவரை மாதக்கணக்கில் உலர விடுங்கள். மேலே படியும் உப்பைத் தண்ணீர் படாமல் உலர்வாகத் துடைத்து எடுத்துவிடுங்கள். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் என்ற சாந்தில் பூசுங்கள். அந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு சில ஆண்டில் உதிரும். மீண்டும் பூச வேண்டும், அதன் வேலையே அதுதான். அடிக்கடி பூச மனமில்லை என்றால் சுவரிலிருந்து தள்ளி, காற்று போக இடைவெளி விட்டு உள்சுவர் எழுப்பலாம்.

மண்சுவர்க் கூரைக் குடிலைப் பழுது பார்க்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

சிமெண்டைத்தான். டெவன், டார்செட் பக்கத்துச் சுவர்கள் களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றியவை. வெளியே சிமெண்ட் பூசினால் அதன் விரிசல் வழியே புகும் தண்ணீர் வெளியேற வழியின்றி அடிச்சுவரைக் கரைக்கும். வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். ஒருநாள் மூலையோடு சரியும். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் மட்டும் போதும். கூரைச் சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது. நீர்நாணல் கோதுமைத் தட்டையைவிட அதிக நாள் உழைக்கும் என்றாலும், அந்த வட்டாரத்தில் எது வழக்கமோ அதையே வேயுங்கள். எதில் வேய்ந்தாலும் முகட்டை 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வேலை தொடங்குமுன் என்ன அனுமதி வேண்டும்?

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் மாளிகை இருந்தால், அதன் வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய லாயமும் குடிலும் தனியாகப் பட்டியலில் இல்லாவிட்டாலும் பொதுவாக அந்தப் பாதுகாப்புக்குள் வரும். ஸ்டால் அடைப்பு, தீனித்தொட்டி, நீலச் செங்கல் தரை ஆகியவையும் கட்டடத்தின் பகுதிதான். அனுமதியின்றிப் பெயர்த்தெடுப்பது குற்றம். உள்ளூராட்சியின் மரபுக் கட்டட அலுவலரிடம் வரைபடம் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

புல் பரணில் வௌவால் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1981 சட்டப்படி எல்லா வகை வௌவாலும் அவற்றின் தங்குமிடமும் பாதுகாக்கப்பட்டவை. வெளியேறும் வௌவால்களை எண்ணும் ஆய்வைக் கோடையில்தான் செய்ய முடியும். செப்டம்பருக்குப் பின் நினைவு வந்தால் அடுத்த மே மாதம்வரை கூரையில் கை வைக்க முடியாமல் போகலாம். ஒப்பந்தக்காரரிடம் தேதி பேசுவதற்கு முன் இதை முடித்துக்கொள்ளுங்கள்.